தியான்சந்திடம் பந்தை யார் கொண்டுசேர்ப்பார்? எல்லாக் காலத்து ஹாக்கி அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஹாக்கி அணி எடுப்போம். மைதானம் கிடையாது, மட்டை கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு ஃபிளாஸ்க் காபியும் போதும். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் முதல் இன்றுவரை ஆடிய எவரை வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்களில் ஐந்து பேர் கல்லூரி அணியில் ஒன்றாக ஆடியவர்கள். ஆறாமவர் எங்களில் ஒருவனுக்குத் தாய்மாமா. எழுபதைத் தாண்டியவர். இப்போது எல்லாருக்குமே அவர் மாமாதான். இந்த ஆட்டத்தைத் தாங்களும் ஆடிப் பார்க்க விரும்பியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்களில் மாமாவுக்கு உடன்பாடு இல்லை.

சுருக்கமாக, ஆட்டம் எப்படி?

ஒவ்வொருவரும் 16 பேர் கொண்ட அணியைச் சேர்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்வோம். அந்த வரிசை பாம்புபோல் வளைந்து திரும்பும். முதல் சுற்றில் முதலில் எடுத்தவர் இரண்டாம் சுற்றில் கடைசியில் எடுப்பார், மூன்றாம் சுற்றில் மறுபடி முதலில். முதல் சீட்டு விழுந்தவருக்கு 1, 12, 13, 24, 25 என்று வாய்ப்புகள் வரும். ஒருவர் எடுத்த வீரர் மற்றவர்களுக்குக் கிடையாது. 96 பெயர்கள் நோட்டில் ஏறியதும் எழுந்து சாப்பிடப் போகலாம். பெரும்பாலும் அதற்குள் மதியம் மூன்று மணி ஆகிவிடும்.

பனி ஹாக்கி வீரர்களையும் எடுக்கலாமா?

கூடாது. வெய்ன் கிரெட்ஸ்கியை எடுக்க ஆசைப்பட்ட ஒருவரிடம், அவரை எங்கள் புல்தரையில் எந்தக் காலணியோடு இறக்குவீர்கள் என்று கேட்டோம். அத்தோடு விட்டுவிட்டார்.

ஆட்டம் நடப்பதாக நினைத்துக்கொள்வது எந்தத் தரையில்? எந்தக் காலத்து விதிகள்?

இந்த ஒரு கேள்வியைத் தீர்க்காமல் அணி எடுக்க உட்கார்ந்தால் நாள் முழுக்கச் சண்டைதான். எங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் போயின.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2–1 என வென்று இந்தியா உலகக் கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடம். அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. தங்கம் வென்றது யார் தெரியுமா? இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 1–0 என வீழ்த்திய நியூசிலாந்து. பதினாறே மாதத்தில் ஒரு நாட்டின் ஆட்டத் திறன் இவ்வளவு வற்றிவிடுமா என்ன? சரிவுக்குத் தரை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், புல்லில் பந்தை நிறுத்துவதே ஒரு கலை. எங்கே துள்ளும், எங்கே தேங்கும் என்று பந்து போகும் வழியை முன்கூட்டியே கணிக்கிற மணிக்கட்டு வேண்டும். செயற்கைத் தரையில் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும். அங்கே வேகமும் நுரையீரலும் பேசும். இரண்டும் ஒரே ஆட்டமா என்று மாமா ஆண்டுதோறும் கேட்பார்.

எனவே நாங்கள் ஒரு வழி கண்டோம். ஆட்டம் பழையபடி 70 நிமிடம். முதல் 35 நிமிடம் புல்தரை, பழைய விதிகள்: ஆஃப்சைடு உண்டு, மாற்று ஆட்டக்காரர் கிடையாது, பெனால்டி கார்னரில் பந்தைக் கையால் நிறுத்தலாம், கோல்கீப்பருக்குத் தலைக்கவசம் இல்லை. அடுத்த 35 நிமிடம் செயற்கைத் தரை, இன்றைய விதிகள்: ஆஃப்சைடு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், ஃப்ரீ ஹிட்டைத் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம். இடைவேளையில் பதினொரு பேரையும்கூட மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் எங்கள் ஆட்டம் ஆட்டமானது. பெயர்ப் பட்டியல் எழுதுவதை விட்டு அணி சேர்க்கத் தொடங்கினோம்.

ஒரு வீரர் எந்தக் காலத்தைச் சேர்ந்தவர் என்று எப்படி முடிவு செய்வது?

எடுக்கும்போதே ஒரு போட்டியின் ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறுமனே ‘அசோக்குமார்’ என்றால் செல்லாது. ‘1975 அசோக்குமார்’ என்று சொல்ல வேண்டும். அந்தப் போட்டியில் எப்படி ஆடினாரோ அந்த ஆள்தான் உங்கள் அணிக்கு வருகிறார். மாண்ட்ரியலுக்கு முந்திய போட்டி என்றால் புல் காலம், மாண்ட்ரியலிலிருந்து தரைக் காலம். செயற்கைத் தரை ஒரே நாளில் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை என்பது தெரியும். ஆனால் எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டுமே. ஒவ்வொரு அணியிலும் இரு காலத்திலிருந்தும் குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும்.

ஆண்டைச் சொல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. உச்சத்தில் இருந்த ஆளையா, இருபது ஆண்டு உழைத்த ஆளையா, யாரை மதிப்பது என்கிற பழைய வழக்கு அதிலேயே தீர்ந்துவிடுகிறது. 453 ஆட்டங்கள் ஆடிய நெதர்லாந்தின் டியூன் டி நோயரை எடுத்தாலும், உங்களுக்குக் கிடைப்பது அவருடைய ஒரு போட்டிதான்.

முதல் சீட்டு விழுந்தால் தியான்சந்தைத்தானே எடுக்க வேண்டும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். போன ஆண்டு முதல் சீட்டு எனக்கு விழுந்தது. யோசிக்கவே இல்லை: 1936 தியான்சந்த். பெர்லினில் 31 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அணித் தலைவர், இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 8–1. மாடியில் கைதட்டல்கூடக் கிடைத்தது.

அடுத்த என் வாய்ப்பு 12ஆவது. அதற்குள் ரிச்சர்ட் ஆலனும் ஷங்கர் லட்சுமணனும் போய்விட்டார்கள். 1928இல் ஒரு கோலும் வாங்காத கோல்கீப்பர் ஆலன். லட்சுமணன் 1956, 1960, 1964 என மூன்று இறுதி ஆட்டங்களிலும் பாகிஸ்தானுக்கு எதிரே நின்றவர். இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. அந்த மூன்று இறுதி ஆட்டங்களிலும் சேர்த்து விழுந்த கோல்கள் மொத்தமே மூன்று. மூன்றுமே 1–0 என முடிந்தவை. முன்கள வீரர்களுக்கு ஹாக்கி வரலாற்றில் என்றுமே பஞ்சம் இல்லை. தலைக்கவசம் இல்லாமல், கால் பேடுகளை மட்டும் நம்பி கோல் வாயிலில் நின்று பெயர் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு தரை விதி வந்த பிறகு புல் காலத்து கோல்கீப்பர்தான் எங்கள் சந்தையில் தங்கம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 11 பேர் போக வேண்டியிருந்தது.

பதற்றத்தில் நான் செய்தது அதைவிட மோசம். 12, 13ஆவது வாய்ப்புகளில் ஷாபாஸ் அகமது, ஹசன் சர்தார். 24, 25ஆவதில் உதம் சிங், முகமது ஷாகித். பெயர்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் தேன். 1990, 1994 உலகக் கோப்பைகள் இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் ஷாபாஸ். 1982 உலகக் கோப்பையையும் 1984 ஒலிம்பிக்கையும் பாகிஸ்தானுக்கு வென்று தந்த முன்களத் தலைவன் ஹசன் சர்தார். உதம் சிங்குக்கு மூன்று தங்கம், ஒரு வெள்ளி. வாரணாசியிலிருந்து வந்த ஷாகித் பந்தைக் கடத்துவதைப் பார்த்தவர்கள் எதிரணி ஆட்டக்காரர் மேல் இரக்கப்படுவார்கள்.

மாமா என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐந்து பேரும் பந்தோடு ஓடுவார்கள். பந்தை யார் கொடுப்பார்?” என்று கேட்டார்.

“தியான்சந்த் கொடுப்பார். அவர் கோல் அடித்ததைவிட அடிக்க வைத்ததுதான் அதிகம் என்பார்கள்” என்றேன்.

“அவரிடம் பந்து முதலில் வர வேண்டுமே” என்றார்.

வாக்கெடுப்பில் எனக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. போட்டவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. இரக்கப்பட்டுப் போட்ட ஓட்டு என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் 24–1 என்றெல்லாம் வென்றார்களே, அந்த கோல்களுக்கு மதிப்பு உண்டா?

கோல் கணக்குக்கு எங்களிடம் தனி மதிப்பெண் கிடையாது. 1932 லாஸ் ஏஞ்சலஸில் ஹாக்கிக்கு வந்த அணிகளே மூன்றுதான்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ஜப்பானை 11–1, அமெரிக்காவை 24–1 என வென்றது இந்தியா. அமெரிக்காவுக்கு எதிராக ரூப் சிங் மட்டும் பத்து கோல். எதிரே நின்றவர்களுக்கு ஹாக்கி அப்போதுதான் அறிமுகம். அந்த ஆட்டத்தில் இந்திய கோல்கீப்பர் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஒரு கோல் விழுந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வந்தவர்களுக்கும் இதே தராசுதான். 1980 மாஸ்கோவில் தான்சானியாவை 18–0 என்றும் கியூபாவை 13–0 என்றும் இந்தியா வென்றது. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பாகிஸ்தான் ஹாக்கி அணிகள் எல்லாம் வராத ஒலிம்பிக் அது. ஆனால் இறுதியில் ஸ்பெயினை 4–3 என வென்ற ஆட்டம் உண்மையான ஆட்டம். சுரிந்தர் சிங் சோதியின் 15 கோல்களைப் பேசுகிறவர் அந்த இறுதி ஆட்டத்தை முன்னால் வைத்துப் பேசினால் காது கொடுப்போம்.

எனக்குப் பிடித்த சான்று வேறு. 1920இல் தங்கம் வென்ற பிரிட்டன் அடுத்து ஒலிம்பிக் ஹாக்கிக்குத் திரும்பியது 1948இல்தான். நடுவே இந்தியா மூன்று தங்கம் வாங்கியபோது ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் எதிரே வரவே இல்லை. 1948இல், சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட முடியாத நிலையில், லண்டன் வெம்ப்ளியில் வைத்து இந்தியா அவர்களை 4–0 என வென்றது. அந்த அணியில் பல்பீர் சிங் இருந்தார். நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 6–1 என வென்றபோது அதில் ஐந்து கோல் அவருடையவை. ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஐந்து கோல்! பத்து கோல் ரூப் சிங்கைவிட இந்த ஐந்து கோல் பல்பீருக்குத்தான் நான் அதிக விலை கொடுப்பேன்.

ஒரே நாட்டிலிருந்து எத்தனை பேர்? பிரிவினைக்கு முந்தியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒரு நாட்டிலிருந்து ஐந்து பேர்வரை. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் புல் காலம் முழுவதும் இந்தியர்களும் பாகிஸ்தானியர்களுமாகவே நிறைந்துவிடும்.

நீங்கள் சொல்லும் ஆண்டில் எந்தச் சட்டை அணிந்திருந்தாரோ அதுதான் அவர் நாடு. அலி தாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஜெர்மனியிடம் 4–1 எனத் தோற்ற இந்திய அணி அவசரமாக வரவழைத்த ஆள் அவர். 1948இல் அதே தாரா பாகிஸ்தான் அணிக்குத் தலைவர். லத்தீஃப்-உர்-ரஹ்மானும் அக்தர் உசேனும் 1948இல் இந்தியாவுக்காகத் தங்கமும் 1956இல் பாகிஸ்தானுக்காக வெள்ளியும் வாங்கியவர்கள். எங்கள் நோட்டில் ‘1936 தாரா’ இந்தியர், ‘1948 தாரா’ பாகிஸ்தானியர். ஆனால் இருவரையும் ஒருசேர எடுக்க முடியாது, ஆள் ஒருவர்தானே.

இது பழைய காலத்துச் சிக்கல் மட்டும் அல்ல. கொன்சாலோ பெய்யட் 2016 ரியோவில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பெனால்டி கார்னர் வீரர். 2023இல் புவனேஸ்வரத்தில் அவர் உலகக் கோப்பையைத் தூக்கியது ஜெர்மன் சட்டையில். ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேரும் ஜபல்பூரில் பிறந்தவர்கள். மாமா அவர்களை இந்தியக் கணக்கில் சேர்க்க ஒரு முறை முயன்று தோற்றார்.

பெனால்டி கார்னருக்குத் தனி ஆள் வேண்டுமா?

இரண்டு ஆள் வேண்டும். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் போன்றவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான்.

பெனால்டி கார்னரில் கோலுக்குப் பக்கத்தில் பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தை உள்ளே தள்ளுவார். பந்து கோலுக்கு முன்னுள்ள டி வட்டத்துக்கு வெளியே வந்து திரும்பிய பிறகே கோலை நோக்கி அடிக்கலாம். மட்டையை வீசி அடிக்கும் முதல் அடி என்றால் பந்து கோல் பலகையின் உயரத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 46 சென்டிமீட்டர். ஆனால் மட்டையை ஓங்காமல் பந்தை இழுத்துச் சுண்டினால் எந்த உயரத்துக்கும் அனுப்பலாம். டிராக் ஃப்ளிக் பிறந்தது இந்தச் சலுகையில்தான். பந்து மட்டையில் ஒட்டி வழுக்கி வர, சீரான தரை வேண்டும். மேடு பள்ளமான புல்லில் இழுத்தால் பந்து பாதியிலேயே துள்ளிவிடும். ஆகவே முதல் பாதிக்கு அடிக்கிற ஆள் வேண்டும், இரண்டாம் பாதிக்குச் சுண்டுகிற ஆள் வேண்டும்.

அடிக்கிறவர்களில் என் முதல் தேர்வு பிரிதிபால் சிங். கடைக்காவல் வரிசை ஆட்டக்காரர்தான், ஆனால் 1964 டோக்கியோவில் பத்து கோல். நெதர்லாந்தின் டீஸ் குரூய்சவும் பால் லிட்யன்ஸும் அடுத்து வருவார்கள். சுண்டுகிறவர்களில் போட்டியே இல்லை: சொஹைல் அப்பாஸ், 348 சர்வதேச கோல்கள். லிட்யன்ஸ் பல ஆண்டு வைத்திருந்த உலகச் சாதனையை 2004இல் தாண்டியவர். கோல் கணக்கைப் பார்க்க மாட்டோம் என்று மேலே சொல்லிவிட்டு இங்கே எண்ணைச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். 348 என்பது கணக்கு அல்ல, பழக்கம்.

இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர் நெதர்லாந்தின் ஃபுளோரிஸ் யான் போவலாண்டர். 1990 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். தரைக் காலத்தவர், ஆனால் சுண்டாமல் ஓங்கி அடித்தே பெயர் வாங்கியவர். இரண்டு பாதிக்கும் ஒரே ஆள் போதும் என்று கஞ்சத்தனம் செய்ய விரும்பினால் அவரைப் பாருங்கள்.

பழைய ஐந்து முன்கள வீரர் அமைப்பில்தான் ஆட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் முதல் பாதியில் அதை விட்டு விலகினால் காரணம் சொல்ல வேண்டும். ரைட் அவுட், ரைட் இன், சென்டர் ஃபார்வர்டு, லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட் என ஐவர், பின்னால் மூன்று ஹாஃப், அதற்கும் பின்னால் இரண்டு ஃபுல் பேக். இதில் நடுநாயகம் சென்டர் ஹாஃப். தாக்குதலுக்குப் பந்தை ஊட்டுவதும் அவர், எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை மடக்குவதும் அவர். 1975இல் கோப்பையைத் தூக்கிய அஜித்பால் சிங், 1982இல் தூக்கிய அக்தர் ரசூல், இரண்டு தலைவர்களுமே சென்டர் ஹாஃப் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

படப் பதிவே இல்லாத ஆட்டக்காரரை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

எதிரே ஆடியவர்கள் யார், எத்தனை முறை மறுபடி அணியில் எடுக்கப்பட்டார், எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார் என்ற மூன்றையும் பார்ப்போம். லெஸ்லி கிளாடியஸ் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக் ஆடினார். கடைசி ஒலிம்பிக்கில் அணித் தலைவர். பன்னிரண்டு ஆண்டு, போட்டி நிறைந்த அந்த இந்திய அணியில், ஓடி ஓடி உழைக்கும் ரைட் ஹாஃப் இடத்தை ஒருவர் விடாமல் பிடித்திருந்தார் என்றால், படம் பார்த்துத்தான் அவர் நல்ல ஆட்டக்காரர் என்று தெரிய வேண்டுமா?

பயிற்சியாளர் உண்டா?

ஒருவரை எடுக்கலாம். ரிக் சார்ல்ஸ்வொர்த்தை எடுக்கிறவர் யோசித்து எடுக்கட்டும். 1986இல் உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரரும் அவரே, ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்றுத் தந்த பயிற்சியாளரும் அவரே. மருத்துவர், முதல்தரக் கிரிக்கெட் வீரர், நாடாளுமன்ற உறுப்பினர் என்பதெல்லாம் தனி. ஏதாவது ஒரு வேடத்தில்தான் வருவார்.

தமிழர் என்றால் சலுகை உண்டா?

இல்லை. தேவையும் இல்லை. சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் 1980இல் தங்கம் வென்ற அணியின் தலைவர். ஹாஃப் வரிசையில் அவருக்கு யாருடைய பரிந்துரையும் வேண்டாம். புனேயின் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு ஆடியவர். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஆண்டைச் சொல்லி எடுக்கிற விதி அவருக்குத்தான் நியாயம் செய்கிறது: ‘1998 தன்ராஜ்’ என்று சொல்லுங்கள். பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்த தலைவர் வந்து நிற்பார். 1996இல் சென்னை எழும்பூரில் சாம்பியன்ஸ் டிராபி நடந்தபோது மாமாவோடு போய்ப் பார்த்தேன். தன்ராஜ் பந்தோடு புறப்பட்டால் அரங்கத்தில் முறுக்கு விற்கிறவர்கூட நின்றுவிடுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. போன ஆண்டு ஒன்பதாவது சுற்றுவரை எனக்குப் புல் காலத்து கோல்கீப்பர் கிடைக்கவில்லை. 49ஆவது வாய்ப்பு. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மாமா ஒன்றும் சொல்லாமல் என் காபி டம்ளரை நகர்த்தி, அதன் அடியில் இருந்த பழைய பட்டியலில் ஒரு பெயரை விரலால் தொட்டார். ரங்கநாதன் பிரான்சிஸ். தமிழ்நாட்டு கோல்கீப்பர். 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக் தங்கம். நாற்பத்தெட்டு பேரை எடுத்து முடித்த நாங்கள் ஆறு பேரும் தமிழர்கள். ஒருவருக்கும் அதுவரை அவர் நினைவுக்கு வரவில்லை.

பெண்கள் அணி?

தனியாக ஆடுகிறோம், தீபாவளிக்கு. ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி 1980இல்தான் வந்தது. அவசரமாகத் திரட்டி அனுப்பப்பட்ட ஜிம்பாப்வே அணி அந்த முதல் தங்கத்தைத் தட்டிச் சென்றது. இங்கே முதல் வாய்ப்பு யாருக்கு என்பதில் சண்டையே வராது. உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை எட்டு முறை வாங்கிய அர்ஜென்டினாவின் லூசியானா அய்மார்தான். இரண்டாவது வாய்ப்பில் மூன்று தங்கம் வென்ற ரெச்செல் ஹாக்ஸ். அதற்குப் பிறகுதான் வீட்டில் இருக்கும் பெண்கள் எங்களைத் தோற்கடிக்கத் தொடங்குவார்கள்.

ஒரு துணுக்கு: ஜெர்மனியின் நட்டாஷா கெல்லர் 2004இல் தங்கம் வென்றார். அப்பா கார்ஸ்டன் 1972இல், அண்ணன் ஆண்ட்ரியாஸ் 1992இல், தம்பி ஃபுளோரியன் 2008இல் தங்கம். தாத்தா எர்வினுக்கு மட்டும் 1936இல் வெள்ளி. பாவம், தாத்தா காலத்தில் எதிரே தியான்சந்த்.

வெற்றி பெற்றது யார் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ஒவ்வொருவரும் தன் அணி எப்படி ஆடும் என்று ஒரு பக்கம் எழுதிப் படிக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் கேட்க மாட்டோம். பிறகு இரகசிய ஓட்டு, தனக்குத் தானே போடக் கூடாது. கணினியில் ஆட விட்டுப் பார்க்கலாமே என்று ஒரு தம்பி சொன்னார். 1928இல் ஆடியவரின் வேகத்தையும் உடல்வலுவையும் எங்கிருந்து எண்களாக எடுப்பது? யாராவது கற்பனையாக எழுதிய எண்ணை நம்புவதைவிட மாமாவின் வாய்ச்சொல்லை நம்பலாம்.

எடுத்த பிறகு வீரர்களை மாற்றிக்கொள்ளலாமா?

சாப்பாட்டுக்கு முன்வரை. இலை போட்ட பிறகு கிடையாது.

எல்லாரும் உனக்கே கிடைத்தால் உன் அணி எது?

கோலில் முதல் பாதிக்கு 1964 ஷங்கர் லட்சுமணன், இரண்டாம் பாதிக்கு 2018 உலகக் கோப்பை வென்ற பெல்ஜியத்தின் வின்சென்ட் வனாஷ். ஃபுல் பேக் இருவர்: 1964 பிரிதிபால் சிங், 1960 முனீர் தர். ரோமிலும் டோக்கியோவிலும் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றவர்களை ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஆசை. தரைக்கு 2018 ஆர்தர் வான் டோரன். பந்தைப் பறித்த அடுத்த நொடியே அதைச் சரியான ஆளிடம் சேர்த்துவிடுவார். ஹாஃப் வரிசையில் 1952 கிளாடியஸ், 1975 அஜித்பால், 2014 மார்க் நோல்ஸ், 2012 மோரிட்ஸ் ஃபூர்ஸ்ட. இறக்கைகளில் 1978 இஸ்லாஹுதீனும் 1978 சமியுல்லாவும். உள்ளே 1994 ஷாபாஸ், 2000 டி நோயர், 2004 ஜேமி டுவயர். ஏதென்ஸ் இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் தங்க கோல் அடித்தாரே, அந்த டுவயர். கார்னருக்கு சொஹைல் அப்பாஸ், 2004. நடுவில் 1936 தியான்சந்த். பதினாறு ஆயிற்று. இந்தியர் ஐந்து, பாகிஸ்தானியர் ஐந்து, புல் காலத்தவர் ஆறு. கணக்குச் சரி.

இந்தப் பட்டியலை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“ரூப் சிங் எங்கே?”

“லெஃப்ட் இன்னில் ஷாபாஸ் இருக்கிறார், மாமா. இந்தியரும் ஐந்து ஆகிவிட்டது.”

“தியான்சந்திடம் பந்து எப்படி வரும் என்று போன வருஷம் கேட்டேன் அல்லவா? அவருக்கு ஒரு தம்பி இருந்தான்.”

நோட்டு திறந்தபடி இருக்கிறது. லட்சுமணன், பிரிதிபால், கிளாடியஸ், அஜித்பால் என்ற நான்கு பெயர்களில் எதை அடிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.